ஒரு செவி போதும்

இயற்கை நமக்கு இரண்டு செவிகளைத் தந்திருக்கிறது. ஏன் இரண்டு என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மூக்குக் கண்ணாடி விழாமல் இருப்பதற்காக என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உண்டு. வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும், எத்தனை செவிகளால் கேட்பது என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இயற்பியல் மாணவனுக்கு அந்தக் கவலை உண்டு. வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலச்செவியை முதலில் அடைகிறது. இடச்செவியை அடைய அது தலையைச் சுற்றிச் செல்ல வேண்டும். அதனால் நேரும் தாமதம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிகுதியாகப் போனால் ஏறத்தாழ 0.0006 விநாடி. இந்தச் சிறு வேறுபாட்டையும், இரு செவிகளிலும் ஒலியின் வலிமை மாறுபடுவதையும் கொண்டே, பேருந்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளை முடிவு கட்டுகிறது. ஆங்கில அறிஞர் ராலே பிரபு 1907ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்.

நூலில் நான் படித்த இந்தப் பாடத்தின் பொருளை எனக்கு உணர்த்தியவர் என் பெரியப்பா. அதற்குத் துணையாக வந்தவை, விடுதியில் நாம் 'கிழவர் பாட்டு' என்று கேலி பேசும் பழைய ஆங்கிலப் பாடல்கள். தமிழ் மன்ற மலரில் ஆங்கிலப் பாட்டைப் பற்றியா எழுதுவது என்று புருவத்தை நெரிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இக்கட்டுரையில் பி. சுசீலாவும் வருகிறார், வர வேண்டிய நேரத்தில் வருகிறார்.

பெரியப்பா பிறந்தது திருச்சியை அடுத்த பொன்மலையில், 1951இல். பொன்மலை இரயில்வே பட்டறையின் ஊர். அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இருந்தன. கிறிஸ்துமஸ் நாட்களில் அவர்கள் வீட்டுச் சன்னல்கள் வழியே கிதார் ஒலி தெருவுக்கு வரும். பெரியப்பாவின் வீட்டிலோ தாத்தாவின் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் கிடைத்த செல்வம் இலங்கை வானொலி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைவீரர்களுக்காகக் கொழும்பில் அமைக்கப்பட்ட ஆற்றல் மிக்க ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்தபின் இலங்கையின் கைக்கு வந்தது. கடல் கடந்து தமிழகத்துக்கு வருவது அதற்கு ஒரு பொருட்டன்று. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்குக் கதவடைத்தபோது, நம் நாட்டு மக்கள் கூட்டம் கூட்டமாகக் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள் என்பது அனைவரும் அறிந்த கதை. அதே கொழும்பின் ஆங்கிலச் சேவை பொன்மலைச் சிறுவன் ஒருவனையும் பிடித்துக்கொண்டது.

கிளிஃப் ரிச்சர்ட், ஜிம் ரீவ்ஸ், பீட்டில்ஸ் எல்லாரும் அந்தப் பெட்டி வழியாகத்தான் அவருக்கு அறிமுகம் ஆனார்கள். இவர்களைப் பற்றிப் பேசும்போது பெரியப்பாவுக்கு ஊர்ப்பற்று மிகும். "கிளிஃப் ரிச்சர்ட் இலக்னோவில் பிறந்தவன், தெரியுமோ?" என்பார். அது 1940இல் நடந்த உண்மை. அதைவிட அவருக்குப் பிடித்தது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் கதை. அந்தப் பாடகர் பிறந்தது 1936இல், சென்னையில். 1967இல் அவருடைய 'ரிலீஸ் மீ' என்ற பாட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. அவ்வேளையில் வெளிவந்த பீட்டில்ஸின் இசைத்தட்டு இரண்டாம் இடத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. "பீட்டில்ஸையே மறித்தவன் மெட்ராஸ்காரன்டா!" என்று பெரியப்பா சொல்லும்போது, அந்த மெட்ராஸ்காரருடைய தந்தை பிரித்தானியப் படையில் இருந்தவர் என்பதை நினைவூட்ட யாருக்கும் மனம் வராது.

1974இல் அவர் கொல்கத்தாவுக்கு வந்தார். கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு இரயில்வே அலுவலகத்தில் கணக்கர் வேலை. திருச்சியிலிருந்து கணக்கு வேலைக்காகக் கொல்கத்தாவுக்கு வந்தவர்களில் தாம் முதல்வர் அல்லர் என்று அவர் அடக்கத்தோடு சொல்லிக்கொள்வது உண்டு. 1907இல் நிதித்துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்த சி. வி. இராமன் திருச்சியில் பிறந்தவர். அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தைப் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் கழித்து, வயலினையும் மிருதங்கத்தையும் ஆராய்ந்தவர். மிருதங்கத்தின் தோல் ஏன் பிற முரசுகளைப் போல வெறும் ஓசை எழுப்பாமல் சுருதியோடு இசைக்கிறது என்பதைப் பற்றி 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர். "அவருக்கு ஒலியும் ஒளியும் கைவந்தது. எனக்குக் கணக்கு மட்டும் வந்தது. கேட்கிற காது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்" என்பது பெரியப்பாவின் தீர்ப்பு.

சம்பளம் வந்த முதல் மாதமே ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய இசைத்தட்டுக் கடைகளுக்குப் போய்விட்டாராம். அங்கே அவர் வாங்கிய தட்டுகளில் பல, நம் கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் அழுத்தப்பட்டவை. இலண்டனில் பாடியது டம்டத்தில் தட்டாகி, லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழர் வீட்டில் சுழன்றது. 2020 மே 20ஆம் நாள் அம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியபோது, சன்னல் கதவு பிய்ந்து மழை உள்ளே புகுந்தது. தட்டு சுழற்றும் இயந்திரம் அன்றோடு ஓய்ந்தது. அதன் பிறகு பெரியப்பா செல்போனில் கேட்கப் பழகிக்கொண்டார். சனிக்கிழமைதோறும் நான் மெட்ரோ ஏறிக் காளிகாட் நிலையத்தில் இறங்கி அவர் வீட்டுக்குப் போவேன். பெரியம்மாவின் காபிக்காகப் போகிறேன் என்று விடுதி நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு.

2024ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, பெரியப்பா எழுந்தபோது வலக்காது அடைத்துக்கொண்டிருந்தது. சளி என்று எண்ணினார். சுக்குக் கஷாயம் குடித்தார். மூன்று வாரம் கழித்து மருத்துவரிடம் போனபோது, அது சளியன்று, உட்செவி நரம்பு சார்ந்த திடீர்ச் செவிடு என்று தெரிந்தது. இந்நோய்க்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. நாள் ஆக ஆக வாய்ப்புக் குறையும். மருந்து கொடுத்தார்கள். செவி திரும்பவில்லை. நண்பர்களே, இந்த ஒரு செய்திக்காகவேனும் இக்கட்டுரையை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துக் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று கேளாமற் போனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருத்தல் கூடாது.

ஒரு செவி போனால் பாதிக் கேள்வி போகும் என்று நாம் கருதுவோம். அவ்வளவு எளிய கணக்கன்று அது. அமைதியான அறையில் ஒருவர் பேசினால் பெரியப்பாவுக்கு நன்றாகவே கேட்டது. நால்வர் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை. இரைச்சலிலிருந்து நமக்கு வேண்டிய குரலைப் பிரித்தெடுக்க இரு செவிகளும் கூடி உழைக்க வேண்டும். ஒன்று ஓய்ந்தால் எல்லாக் குரல்களும் ஒரே குவியலாகிவிடும். பின்னாலிருந்து யாரேனும் அழைத்தால் பெரியப்பா எதிர்த்திசையில் திரும்புவார். வலப்பக்கம் உட்கார்ந்தவர் கேட்ட கேள்விக்கு விடை வராது. தெரிந்தவர்கள் வருந்தினார்கள். தெரியாதவர்கள் கர்வம் பிடித்தவர் என்றார்கள். ஞாயிறு காலையில் ஓய்வுபெற்ற நண்பர்கள் நால்வர் அவர் வீட்டில் கூடிப் பழம்பாட்டுக் கேட்பது பல்லாண்டு வழக்கம். இருவர் தமிழர், ஒருவர் வங்காளி, ஒருவர் ஆங்கிலோ இந்தியர். தலைவலி என்றும், வெளியே போகிறேன் என்றும் சொல்லிச் சொல்லி அந்தக் கூட்டத்தைப் பெரியப்பா மெல்ல நிறுத்திவிட்டார்.

பெங்களூரிலிருக்கும் அக்கா இதைக் கேட்டு வருந்தி, தைப்பொங்கலுக்கு உயர்ந்த இயர்போன் ஒன்று வாங்கி அனுப்பினாள். காதருகே தெளிவாகக் கேட்டால் அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்பது அவள் எண்ணம். பெரியப்பா அன்றிரவே அதை மாட்டிக்கொண்டு தமக்கு மிகவும் பிடித்த தொகுப்பை வைத்தார். பீட்டில்ஸின் முதல் பெருந்தட்டு அது. பெயர் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'. 1963 பிப்ரவரி 11ஆம் நாள், ஒரே நாளில், அதில் பத்துப் பாடல்களை இலண்டன் ஆபி ரோடு நிலையத்தில் பதிவு செய்தார்கள். கடைசிப் பாட்டில் ஜான் லென்னனின் தொண்டை கட்டியிருப்பது நன்றாகத் தெரியும். அந்தக் கட்டிய தொண்டையைக் கேட்கத்தான் பெரியப்பா அத்தட்டை வைப்பார்.

மறுநாள் இயர்போன் பெட்டிக்குள் போய்விட்டது. அதன்பின் மூன்று வாரம் அந்த வீட்டில் ஆங்கிலப் பாட்டே இல்லை. நான் போனபோதெல்லாம் நாளிதழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாயா என்பார், படிப்பு எப்படி என்பார், பிறகு பேச்சில்லை. மூன்றாம் சனிக்கிழமை சமையலறையில் பெரியம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "உன் பெரியப்பாவுக்கு அந்தக் காதும் போயிண்டு இருக்காம்ப்பா. என்கிட்டயே நேத்துதான் சொன்னார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

நான் கூடத்துக்கு வந்து பெரியப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்து கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வாத்தியம் எல்லாம் கேக்கறதுடா. கிதார் இருக்கு, டிரம் இருக்கு. பாடறவங்க மட்டும் இல்லை. எங்கேயோ கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. அறுபது வருஷமா கேட்ட பாட்டுடா. மனுஷக் குரல்தான் முதல்ல போகும் போலிருக்கு." அப்படிச் சொல்லிவிட்டு நாளிதழை எடுத்துக்கொண்டார். இரண்டாம் செவியும் போய்விடும் என்ற அச்சத்தை மூன்று வாரம் தனியாக மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுபடி பாட்டு வைத்தால் இன்னும் எவ்வளவு போயிற்று என்று தெரிந்துவிடுமே என்றுதான் பாட்டையே நிறுத்தியிருக்கிறார்.

அப்போது பெரியம்மா காபியோடு வந்தார். அந்த வீட்டில் பாட்டு விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. பெரியப்பாவின் கட்சி இங்கிலீஷ் கட்சி. பெரியம்மாவின் கட்சி பி. சுசீலா கட்சி. நாற்பத்தைந்து ஆண்டுகளாக இரண்டுக்கும் உடன்பாடு ஏற்பட்டதில்லை. "அந்தக் கருவியில என் பாட்டைப் போட்டுப் பாரேன். சுசீலா குரல் எங்கேயும் போயிருக்காது" என்றார் பெரியம்மா. கேலியாகத்தான் சொன்னார். நான் அப்படியே செய்தேன். 1960களில் வந்த ஒரு திரைப்பாடல். பெரியப்பா இயர்போனை மாட்டினார். முகம் மாறியது. முழுப் பாட்டையும் கேட்டார். "எல்லாம் இருக்கு. குரலும் இருக்கு, வயலினும் இருக்கு" என்றார்.

அதே செவி, அதே கருவி. ஒரு பாட்டில் குரல் இல்லை, மற்றொன்றில் இருக்கிறது. ஆகவே குறை செவியில் இல்லை, பாட்டில் இருக்கிறது. அறிவியல் மாணவனுக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்குமா? இயர்போனை வாங்கி நான் என் இரு காதுகளிலும் வைத்து அந்த முதல் பீட்டில்ஸ் தட்டைக் கேட்டேன். வாத்தியங்கள் எல்லாம் இடக்காதில் இருந்தன. பாடியவர்கள் எல்லாரும் வலக்காதில் இருந்தார்கள். பெரியப்பாவுக்கு வலக்காது இல்லை. அவ்வளவுதான் செய்தி.

இது ஏன் இப்படி என்று சொன்னால் சிலருக்குப் பயன்படும். ஒலிப்பதிவில் இரு வகை உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஒலியாகத் தருவது மோனோ. இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என இரண்டாகத் தருவது ஸ்டீரியோ. 1963இன் தொடக்கத்தில் பீட்டில்ஸ் பாடிய நாடாவில் இரண்டு தடங்களே இருந்தன. ஒன்றில் குரல், மற்றொன்றில் வாத்தியம். இப்படிப் பிரித்து வைத்தது, பிற்பாடு குரலையும் வாத்தியத்தையும் தக்க அளவில் சேர்த்து நல்ல மோனோத் தட்டு செய்வதற்காக. இளைஞர்கள் வாங்கியதும் வானொலிகள் ஒலிபரப்பியதும் மோனோத்தான். ஸ்டீரியோத் தட்டு வேண்டுவோர் அன்று சிலரே. அவர்களுக்காக அந்த இரு தடங்களையும் ஏறத்தாழ அப்படியே இடமும் வலமுமாக விட்டுவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1967இல் வந்த 'சார்ஜன்ட் பெப்பர்' தட்டுக்குங்கூட, இசைக்குழுவினர் உடனிருந்து கவனித்தது மோனோக் கலவையைத்தான். காலம் மாறியது. மோனோ பழையது என்றாயிற்று. இன்று செல்போனில் பெயரைத் தட்டினால் முதலில் வருவது பெரும்பாலும் ஸ்டீரியோ. அன்று யாரும் பெரிதாகக் கருதாத ஒன்று இன்று எல்லார் காதிலும் ஒலிக்கிறது!

அறையில் இரண்டு ஒலிபெருக்கி வைத்துக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. வல ஒலிபெருக்கியின் ஒலி காற்றில் பரவி இடச்செவிக்கும் வந்து சேரும். காற்று பங்கு பிரிப்பதில்லை. இயர்போன்தான் வேலி போட்டுப் பிரிக்கிறது. பெரியம்மாவின் பாட்டு பிழைத்த காரணமும் இதுவே. அக்காலத் தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. ஸ்டீரியோப் பதிவு தமிழுக்கு வந்தது 1978இல் இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' படத்தில் என்பர். ஆகவே சுசீலாவுக்கு ஒரு செவி போதும். இதைக் கேட்ட பெரியம்மா, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். என்றைக்குச் சொன்னார் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

செல்போனில் மாற்றுத் திறனுடையோர்க்கான அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தொட்டால் இரு பக்க ஒலியும் கூடி இரு காதுகளுக்கும் ஒன்றாகவே வரும். தொட்டேன். பெரியப்பா மறுபடி அந்தத் தட்டின் கடைசிப் பாட்டை வைத்தார். லென்னனின் கட்டிய தொண்டை வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பெரியம்மா டபராவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த சில சனிக்கிழமைகளில் நாங்கள் ஒரு பட்டியல் போட்டோம். பொத்தானை நீக்கிவிட்டு, எந்தப் பாட்டு ஒற்றைச் செவிக்கு முழுதாக வருகிறது, எது உடைகிறது என்று சோதித்தோம். 1965இன் 'ரப்பர் சோல்' தட்டு பெரிதும் உடைந்தது. குவீன் குழுவினர் 1975இல் தந்த 'பொஹீமியன் ராப்சடி'யில் குரல்கள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தாவுகின்றன. ஒற்றைச் செவிக்கு அது பாதி விடுகதையாக வந்தது. ஒரே ஒரு தட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒரு கீறலும் இன்றி நின்றது. அது பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்', 1966.

ஏன் என்று தேடியபோது கிடைத்த விடை எங்கள் இருவரையும் வாயடைக்கச் செய்தது. அதனைப் படைத்த பிரையன் வில்சனுக்குச் சிறுவயது முதலே வலக்காது கேளாது. ஸ்டீரியோ என்பது என்ன என்று அவரால் அறிய முடியாது. கிதார், புல்லாங்குழல், மணி, சைக்கிள் ஒலிப்பான் எனப் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு செவிக்குள் அடங்கும்படி மோனோவில் கலந்தார். முழு ஸ்டீரியோ வடிவம் வெளிவந்தது 1997இல்தான். உலகம் இன்றும் வியந்து போற்றும் தட்டு ஒன்று ஒற்றைச் செவியால் உருவானது. பெரியப்பா சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நானும் அவனும் ஒரே பக்கத்துல உக்காந்து கேக்கறோம்" என்றார். 2025 ஜூன் 11ஆம் நாள் வில்சன் தம் 82ஆம் வயதில் மறைந்தார். செய்தி வந்த மாலை பெரியப்பா அத்தட்டை முழுதும் வைத்தார். அன்று பெரியம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார் என்று தொலைபேசியில் அறிந்தேன்.

முதியவர்கள் ஏன் பழம்பாட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நாம் கேட்கிறோம். இளமை நினைவு என்று விடையும் சொல்லிவிடுகிறோம். அது பொய்யன்று. ஆனால் அது மட்டும் அன்று என்பதை இந்தப் பட்டியல் எனக்குக் காட்டியது. வயது ஏற ஏறச் செவி முதலில் இழப்பது மிக உயர்ந்த அதிர்வுகளை. சிறுவனுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். முதியவருக்கு அதில் மேற்பகுதி மெல்ல மெல்ல மறையும். பெரியப்பா பொன்மலையில் கேட்ட வானொலியோ, விநாடிக்கு 5,000 அதிர்வுக்கு மேல் எதையும் பெரும்பாலும் கொண்டுவந்ததே இல்லை. அந்த ஒலிபரப்பு முறைக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். அந்தப் பாடல்களைச் செய்தவர்களுக்கும் இது தெரியும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தார் கார் வானொலி போன்ற சிறிய ஒலிபெருக்கியில் கேட்டுப் பார்த்துத் தம் பாடல்களைச் சரிசெய்தார்கள். பாட்டின் உயிரையெல்லாம் சிறு பெட்டிக்குள் செல்லும்படி நடுவே வைத்தார்கள். குரலும் கிதாரின் மெட்டும் அங்கேதான் வாழ்கின்றன. ஆகையால், செவி மூப்படைந்து மேற்பகுதி போனாலும் அந்தப் பாடல்கள் அதிகம் இழப்பதில்லை. ஏழை வானொலிக்காகத் தைத்த சட்டை முதிய செவிக்கும் பொருந்துகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரே பெட்டியிலிருந்து வரும் பாட்டை ஒருவர் மட்டும் கேட்க முடியாது. வீடே கேட்கும், பொன்மலையில் தெருவே கேட்டது. நாம் இயர்போனை மாட்டிக்கொண்டு விடுதி அறையில் நால்வர் நான்கு உலகங்களில் இருக்கிறோம். ஒலியின் தெளிவு பன்மடங்கு கூடியிருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. பெரியப்பாவின் நண்பர்கள் நால்வருக்கும் யாருக்கு எந்தப் பாட்டு, எந்த வரியில் யார் கண்ணை மூடுவார் என்பதெல்லாம் தெரியும்.

பெரியப்பாவின் செவி குணமாகவில்லை. கேளாத பக்கத்து ஒலியை வாங்கிக் கேட்கும் பக்கத்துக்கு அனுப்பும் கருவி இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். இப்போதைக்கு வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். ராஷ்பிகாரி சாலையைக் கடக்கும்போது பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார். முன்பு பெரியம்மாதான் அவர் கையைப் பிடிப்பது வழக்கம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மீண்டும் கூடுகிறது. இயர்போன் அக்காவிடமே திரும்பிப் போயிற்று. அதற்குப் பதில் கூடத்து அலமாரியின் மேல் சிறிய ஒலிபெருக்கி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது, முடிந்தபின் ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும் என்று ஆங்கிலோ இந்திய நண்பர் சட்டம் போட்டிருக்கிறார். நால்வரும் அதை மதிப்பதில் சிறிது தடுமாறுகிறார்கள் என்றாலும் பெரியப்பாவுக்கு இப்போது பேச்சு விளங்குகிறது. நான்காவது பாட்டுக்குப் பிறகு ஒரு சுசீலா பாட்டு என்பது பெரியம்மா போட்ட சட்டம். அதை எல்லாரும் மதிக்கிறார்கள்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் போகும்போது வீட்டுப் பெரியவர் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார் என்று கண்டால், வயதாகிவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். குறை செவியில் இருக்கலாம், பாட்டில் இருக்கலாம், நாம் அன்போடு வாங்கிக்கொடுத்த கருவியிலும் இருக்கலாம். அதை அறிய இயற்பியல் பட்டம் தேவையில்லை. ஒரு சுசீலா பாட்டு போதும்.

நம் மன்றத்தின் இசை மாலையை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையின் இரு பக்கமும் ஒலிபெருக்கி வைப்பீர்கள். இரண்டிலும் ஒரே ஒலியை அனுப்புங்கள். பெரியப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். முன் வரிசையில் வலக்கோடி நாற்காலியை அவருக்கு விட்டுவையுங்கள். அங்கே உட்கார்ந்தால்தான் அவருடைய இடச்செவி நம் எல்லார் பக்கமும் இருக்கும்.